நடு மடிப்பு வரை திறக்க வேண்டும்: பழைய சாரணர் இதழ்களுக்குத் தையல் போட்ட பதிவு

அமெரிக்கச் சாரணர் அமைப்பு சிறுவர்களுக்காக நடத்திய 'பாய்ஸ் லைஃப்' மாத இதழின் 1950களையும் 1960களையும் சேர்ந்த பிரதிகள் ஒரு கட்டு, பெங்களூரு அல்சூரில் நான் உதவிக்குச் செல்லும் பள்ளியின் சாரணர் படைக்கு அன்பளிப்பாக வந்தது. கொடுத்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ச் சாரண ஆசிரியர். அவருடைய இளமைக்காலப் பேனா நண்பர் ஒருவர் கப்பல் தபாலில் அனுப்பிவைத்தவை அவை. பல ஆண்டுகள் பரணில் கிடந்ததால் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்த பின் கம்பிகள் (ஸ்டேப்பிள்) துருப்பிடித்திருந்தன. பல இதழ்களின் அட்டை கழன்றிருந்தது. நடுப்பக்கத் தாள்கள் மடிப்பில் கிழிந்து தனித்தனியாக வந்தன. வெள்ளிப்பூச்சி தாளின் மேற்பரப்பை அங்கங்கே சுரண்டியிருந்தது. படையின் புத்தக அலமாரியில் வைத்துப் பையன்கள் எடுத்துப் புரட்டும்படி இவற்றைச் சீர்செய்து தொகுதிகளாகக் கட்ட முடியுமா என்று கேட்டார்கள். அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்பதே இந்தப் பதிவு.

எந்த முறையில் கட்டுவது என்பதற்கு முன்னால், எதற்காகக் கட்டுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். இந்த இதழ் 1911ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பார்ட்டன் என்பவரால் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே, ஒரு சந்தாதாரருக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் 6,100 டாலர் கொடுத்து அமெரிக்கச் சாரணர் அமைப்பு அதை வாங்கிக்கொண்டது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் நார்மன் ராக்வெல் தம் இளம் வயதில் இதில் ஓவியப் பொறுப்பில் இருந்தார். சிறுமியரும் அமைப்பில் சேர்க்கப்பட்ட பிறகு, 2021இல் இதழின் பெயர் 'ஸ்கௌட் லைஃப்' என்று மாறியது. நம் வேலைக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமான செய்தி, இதன் பழைய இதழ்களில் மிகப் பெரும்பான்மையானவை கூகுள் புக்ஸில் முழுப் பக்கங்களாகவே படிக்கக் கிடைக்கின்றன என்பதுதான். ஆகவே நம் கையில் உள்ள பிரதி நைந்துபோனாலும் எழுத்தும் படமும் உலகத்திலிருந்து அழிந்துவிடப்போவதில்லை. அருங்காட்சியகப் பொருளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், பையன்கள் கையில் புழங்குவதற்கு ஏற்றபடி கட்டுவதே சரி என்று முடிவு செய்தேன்.

புழங்குவது என்றால் இங்கே வெறும் வாசிப்பு அல்ல. கயிற்றில் முடிச்சுப் போடுவது, கழிகளைச் சேர்த்துக் கட்டுவது, கூடாரத்தின் முளையை எந்தச் சாய்வில் அடிப்பது, பலகையில் பறவைக்கூடு செய்வது என்று பக்கத்துக்குப் பக்கம் செய்முறைப் படங்கள் உள்ளன. போலைன் என்னும் நழுவாத வளைய முடிச்சின் படத்தைப் பார்த்துப் பழகும் பையனுக்கு இரண்டு கைகளும் கயிற்றில் இருக்கும். பக்கத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. எனவே தொகுதி மேசையின்மேல் எந்தப் பக்கத்தில் விரித்து வைத்தாலும் தானாகவே படிந்து கிடக்க வேண்டும், மடிப்பின் அடிவரை படம் தெரிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் பின்னால் எடுத்த எல்லா முடிவுகளையும் தீர்மானித்தது.

காகிதமும் பைண்டிங் சாமான்களும் வாங்க அவென்யூ சாலைப் பக்கம் போனபோது, அங்கே நெடுங்காலமாகக் கணக்குப் புத்தகங்கள் கட்டிவரும் தமிழ் பைண்டர் ஒருவரிடம் ஓர் இதழைக் காட்டினேன்.

"இதுக்கெல்லாம் குத்துத் தையல்தான் சார். தையல் போட்டு மூணு பக்கமும் வெட்டிட்டா யானை இழுத்தாலும் வராது," என்றார்.

"வராதது சரி அண்ணா, திறக்கணுமே?" என்றேன்.

அவர் இதழை வாங்கி நடுவில் விரித்து, பக்கத்தின் உள் ஓரத்தில் தம் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அரை இஞ்ச் உள்ளே போயிடும்," என்று ஒத்துக்கொண்டார். அந்த அரை அங்குலம்தான் பிரச்சினை. குத்துத் தையலில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதுகு ஓரத்தில் மேலிருந்து கீழாகத் துளையிட்டு நூலால் இறுக்குவார்கள். கணக்குப் புத்தகத்துக்கும் வினாத்தாள் தொகுப்புக்கும் அது போதுமானது, மலிவானது, விரைவில் முடிவது. ஆனால் இந்த இதழ்களில் இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து அச்சிட்ட படங்கள் பல உள்ளன. அவற்றின் நடுப்பகுதி தையலுக்குள் புதைந்துவிடும். மேலும், பழுப்பேறிய தாளைத் தையல் வரிக்கு எதிராக வளைத்துத் திறக்கும்போதெல்லாம் அது அந்த வரியிலேயே முறியும். மூன்று பக்கமும் வெட்டினால் ஓரம்வரை அச்சான பக்க எண்களும் படங்களும் போய்விடும். ஆகவே ஒவ்வோர் இதழையும் ஒரு பாரமாக, அதாவது ஒன்றாக மடித்த தாள்களின் கட்டாகக் கொண்டு, அதன் நடு மடிப்பின் வழியாகவே தைப்பது என்று தீர்மானித்தேன். பைண்டர் அண்ணா அதை மறுக்கவில்லை. இந்தக் கூலிக்கு யாரும் இப்போது அப்படித் தைப்பதில்லை என்று மட்டும் சொன்னார்.

முதலில் பூச்சிகளை ஒழிக்க வேண்டியிருந்தது. இதழ்களைச் சிறு கட்டுகளாகப் பாலித்தீன் பைகளில் இட்டு, காற்றை இயன்றவரை வெளியேற்றி ஒட்டி, தெரிந்தவர் கடையிலிருந்த ஆழ்குளிர்ப் பெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளின்மேல் நீராகப் படிந்துவிடும். அதன் பிறகு மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தூசியைத் துடைத்தேன். இந்தக் கட்டத்தில் சொல்வதற்கு வேறு ஒன்றுமில்லை. முகக்கவசம் இல்லாமல் உட்கார வேண்டாம் என்பதைத் தவிர.

பின் கம்பி எடுப்பதில்தான் பொறுமை தேவைப்பட்டது. அலுவலகத்தில் பயன்படும் பின் அகற்றியை இங்கே கொண்டுவரவே கூடாது. அது கம்பியோடு தாளையும் பிய்த்துவிடும். இதழை நடுப்பக்கத்தில் விரித்து, உள்ளே மடங்கியிருக்கும் கம்பிக் கால்களுக்கு அடியில் முதலில் தடித்த பாலியெஸ்டர் தாளின் சிறு துண்டு ஒன்றைச் செருகினேன். அதன்மேல் மெல்லிய தகட்டு முனையை நுழைத்து, கால் ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக நிமிர்த்தி நேராக நிறுத்தினேன். பிறகு இதழைக் கவிழ்த்து முதுகுப் பக்கமிருந்து கம்பியின் தலையைத் தூக்க, கால்கள் தம் துளை வழியாகவே வெளியே வந்தன. துரு ஏறிய கம்பி நிமிர்த்தும்போதே ஒடிந்தது. ஒடிந்த துண்டை இடுக்கியால் எடுத்து, துளையைச் சுற்றி ஒட்டியிருந்த துருத் தூளைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, தூரிகையால் அப்புறப்படுத்தினேன். இரும்பின் துரு தாளின் நார்ப்பொருள் சிதைவதை விரைவுபடுத்துவதால், தையலுக்கு முன்பு இது கட்டாயம் நீங்க வேண்டும். துருக்கறையை எலுமிச்சைச் சாறும் உப்பும் கொண்டு எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். துணிக்கு அது பொருந்தலாம். தாளுக்குள் அமிலத்தை நாமே ஊற்றுவது எவ்வகையிலும் நல்லதல்ல. கறை கறையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அமிலம் ஏற்கெனவே அந்தத் தாளுக்குள் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அக்காலத்து மலிவான தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழைப் பெருமளவு கொண்டது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பேறுகிறது. மை பரவாமலிருக்கத் தாள் ஆலைகள் சேர்த்த படிகாரமும் ரோசின் என்னும் மரப்பிசினும் அமிலத்தன்மையைக் கூட்டின. காரநீரில் நனைத்து அமிலத்தைச் சமன்செய்யும் முறை உண்டு என்றாலும், பூச்சு ஏற்றிய பளபளப்பான தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில வண்ண மைகள் கசியும் என்பதால் அதை நான் முயலவில்லை. வெயிலிலும் வெப்பத்திலுமிருந்து தள்ளி வைப்பது என்ற எளிய காப்போடு நிறுத்திக்கொண்டேன்.

பசைக்குக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை வேண்டாம் என்று ஒதுக்கினேன். அது காய்ந்தபின் திரும்ப எடுக்க வராது. பைண்டர்கள் வழக்கமாக மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி அண்டாது என்பது உண்மைதான், ஆனால் செம்பு உப்பும் தாளைக் காலப்போக்கில் சிதைக்கும். நான் செய்தது மாப்பொருள் பசை. மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து சற்று ஊறவிட்டு, திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பதுபோல் தண்ணீருக்குள் கசக்கிக் கசக்கிப் பிழிந்தால், இழுபடும் பசையம் கையில் நின்றுவிடும். பால் பாத்திரத்தில் இறங்கும். இரவு முழுவதும் தெளியவிட்டு மேல்நீரை வடித்தால் அடியில் வெண்மையான மாவு படிந்திருக்கும். அதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, இளந்தீயில் கைவிடாமல் கிளறி, மாவின் வெண்மை மாறிக் கண்ணாடிப் பதம் வந்தபின் மேலும் சிறிது நேரம் வேகவிட்டு இறக்கி, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டினேன். மயில்துத்தம் இல்லாத பசை சீக்கிரம் புளிக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் தீர்த்துவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக்கொள்வதே வழி. காய்ந்த பிறகும் ஈரப் பஞ்சு வைத்தால் இந்தப் பசை இளகிக் கழன்றுவிடும் என்பதே இதன் பெருமை.

மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்ட தாள்களைச் சேர்க்க, ஜப்பானியத் திசுத் தாளை ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாகக் கிழித்துப் பயன்படுத்தினேன். கத்தரியால் வெட்டாமல், தூரிகையால் ஈரக்கோடு இழுத்து அதன் வழியே கிழித்தால் பட்டையின் ஓரத்தில் நார்கள் மீசையாக நீண்டு நிற்கும். அவை தாளோடு கலந்து, ஒட்டுப் போட்ட இடம் தடவினால்கூடத் தெரியாதபடி படிந்துவிடும். ஆனால் ஓர் இதழின் எல்லாத் தாள்களுக்கும் மடிப்பில் பட்டை ஒட்டினால் முதுகு தடித்து, தொகுதி ஆப்பு வடிவம் எடுத்துவிடும். எனவே வெளித்தாள், நடுத்தாள், முழுவதும் பிரிந்தவை ஆகியவற்றுக்கு மட்டுமே பட்டை கொடுத்தேன். அரைகுறையாகக் கிழிந்தவை தையலிலேயே தாங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பல இதழ்களின் பின்பக்கங்களில் தபால்தலை வணிகர்களின் விளம்பரக் கூப்பன்கள் இருந்த மூலைகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு சிறுவன், வெளிநாட்டுத் தபால்தலைப் பொட்டலத்துக்காக வெட்டி அனுப்பியிருக்கிறான். அந்த வெட்டின் மறுபக்கத்தில் ஓர் இதழில் கழிகளைச் சதுரமாகச் சேர்த்துக் கட்டும் படம் இருந்தது. நான்கு நிலைகளில் கடைசி நிலை கூப்பனோடு போய்விட்டது. மூன்று நிலைகளைக் கற்றுக்கொண்டு நான்காவதில் கயிற்றை எங்கே முடிவது என்று தெரியாமல் நிற்கும் பையனை எண்ணிப் பார்த்தால், அந்த ஓட்டையை வெறும் தாளால் அடைப்பது கேலிக்கூத்தாகத் தோன்றியது. கூகுள் புக்ஸில் அதே பக்கத்தை எடுத்து, விடுபட்ட பகுதியை மட்டும் சரியான அளவுக்கு மெல்லிய தாளில் லேசர் அச்செடுத்து, ஒரே ஓரத்தில் திசுப் பட்டையால் கீல் வைத்தேன். அதைத் தூக்கிப் பார்த்தால் அசல் வெட்டும் தெரியும். கதைப் பக்கங்களிலும் விளம்பரங்களிலும் இருந்த வெட்டுகளை அப்படியே விட்டேன். விளம்பரங்களைக் கழித்துவிட்டுக் கட்டுவது நம் பைண்டர்களிடையே பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சைக்கிள் விளம்பரம் இல்லாத சிறுவர் இதழ் பாதி இதழ்தான்.

இனித் தையல். ஒரு தொகுதிக்கு ஆறு இதழ்கள் என்று வைத்துக்கொண்டேன். பன்னிரண்டையும் சேர்த்தால் ஒரு பையனால் ஒற்றைக் கையில் தூக்க முடியாத கனம் வந்துவிடும். இதழ்களின் முதுகில் நேரடியாகப் பசை படக் கூடாது என்பதற்காக விசிறி மடிப்பு முறையைக் கையாண்டேன். தடித்த, பூச்சில்லாத தாளை இதழின் உயரத்துக்கு வெட்டி, 12 மில்லிமீட்டர் ஆழத்தில் மாறிமாறி மடித்தால் அடுத்தடுத்துப் பள்ளங்கள் உண்டாகும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் இதழின் முதுகை உட்கார வைத்து, மடிப்புத்தாளையும் இதழையும் சேர்த்தே தைப்பதால், பிறகு முதுகில் பூசும் பசை மடிப்புத்தாளோடு நின்றுவிடும். நாளைக்கு யாராவது பிரிக்க விரும்பினால் நூலை அறுத்தால் போதும், இதழ் முழுதாக வெளியே வரும். மடிப்புத்தாளின் நாரோட்டம், அதாவது அதன் நார்கள் படுத்திருக்கும் திசை, மடிப்புக்கு இணையாக இருக்க வேண்டும்; குறுக்கே இருந்தால் மடிப்பு சொரசொரப்பாக உடைந்து, காய்ந்தபின் முறுக்கிக்கொள்ளும். நாரோட்டத்தைக் கண்டறிய, ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் போதும். அது எந்த அச்சைச் சுற்றிச் சுருள்கிறதோ அதுவே ஓட்டம்.

இரண்டு பலகைகளைச் செங்கோணத்தில் சேர்த்த தொட்டிலில் இதழை விரித்து வைத்து, எட்டுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்தினேன்: தலையிலும் அடியிலும் கொக்கித் தையலுக்கு ஒவ்வொன்று, இடையில் மூன்று பருத்தி நாடாக்களுக்கு இருபுறமும் இரண்டிரண்டு. துருவேறி அகன்ற பழைய பின் துளைகளைத் தவிர்த்துப் புதிய இடங்களையே தேர்ந்தேன். நூல் தேன்மெழுகு பூசிய லினன். நைலான் அறுபடாது என்று கடைக்காரர் பரிந்துரைத்தாலும், அறுபடாத நூல் இத்தகைய தாளை அறுத்துவிடும். தலைத் துளையில் வெளியிலிருந்து நுழையும் நூல் மடிப்பின் உட்புறமாக ஓடி, நாடாவுக்கு முன்னால் வெளியே வந்து, அதைத் தாண்டி மீண்டும் உள்ளே போய், அடித் துளையில் வெளிவருகிறது. அங்கிருந்து அடுத்த இதழுக்கு ஏறித் திரும்பி வந்து, முதல் இதழின் நூலோடு முடியப்படுகிறது. மூன்றாவது இதழிலிருந்து ஒவ்வொரு முனையிலும் கீழேயுள்ள தையலுக்கு அடியில் ஊசியை விட்டு, உண்டாகும் வளையத்துக்குள் நூலை இழுத்தால் கொக்கித் தையல். நூலை இறுக்கும்போது எப்போதும் முதுகுக்கு இணையாக, போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கியோ பின்நோக்கியோ இழுத்தால் ஊசித் துளை கோடாகக் கிழிந்துவிடும்.

தைத்து முடித்ததும் முதுகில் மல் துணியும் அதன்மேல் ஒரு காகிதக் குழலும் ஒட்டினேன். அட்டையின் முதுகு நேரடியாக ஒட்டாமல் இந்தக் குழலின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவதால், திறக்கும்போது தொகுதியின் முதுகு உள்ளே வளைய, அட்டையின் முதுகு வெளியே விலகி நிற்கும். படிந்து கிடப்பதற்கான பாதி இரகசியம் இங்கேதான் உள்ளது. அட்டைக்குக் கிரே போர்டு என்னும் தடித்த சாம்பல் நிற அட்டை, முதுகுக்கும் மூலைகளுக்கும் காலிகோ என்னும் பைண்டிங் துணி. இவை பைண்டர் அண்ணாவின் அழுத்துப்பொறியில் ஓரிரவு கிடந்தன. மறுநாள் அவர் ஒரு தொகுதியை மேசையில் போட்டு நடுவில் விரித்து, கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

படையில் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. நம் சாரணர் பயிற்சியின் முதல் படியான பிரதம சோபான் நிலையில் முடிச்சுகள் பழகும் பையன்கள் தொகுதியைத் தரையில் விரித்து வைக்கிறார்கள்; முதல் இதழின் முதற்பக்கங்களைத் திறக்கும்போது முன்னட்டை தாழ்ந்தும் மற்றப் பகுதி உயர்ந்தும் இருப்பதால் படம் சாய்ந்துவிடுகிறது. தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் வைக்க, அதே கிரே போர்டு துண்டுகளை ஒட்டிச் சிறு மணைகள் செய்து கொடுத்தேன். அமெரிக்க இதழ் இங்கே எதற்கு என்று ஒரு பெற்றோர் கேட்டதும் நியாயமான கேள்விதான். இந்தியாவின் முதல் சாரணர் படையை 1909இல் கேப்டன் டி.ஹெச். பேக்கர் தொடங்கியது இதே ஊரில், அமெரிக்க அமைப்பு உருவாவதற்கும் ஓராண்டு முன்பே. அன்று அதில் இந்தியச் சிறுவர்களுக்கு இடமில்லை. 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிய தனி இயக்கம் நம் பிள்ளைகளுக்கு வழி திறந்தது. இருந்தாலும் முடிச்சு எந்த நாட்டிலும் அதே முடிச்சுதான். தகுதிப் பட்டங்களும் சட்டங்களும் வேறு என்பதை முன்னட்டையின் உட்புறத்தில் ஒரு தமிழ்க் குறிப்பாக எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்கும் மாப்பொருள் பசைதான்.

தொகுதிகள் பெரிய அளவினவாக இருப்பதால் நிறுத்தி வைக்காமல் படுக்கையாக, இரண்டுக்கு மேல் அடுக்காமல் வைக்கிறோம். நாப்தலின் உருண்டை போடவில்லை. குழந்தைகள் முகர்ந்து பார்க்கும் அலமாரி அது. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை மாற்றுவதும், மாதம் ஒருமுறை தொகுதிகளை எடுத்துப் புரட்டிக் காற்றாட விடுவதும் படைத்தலைவனின் பொறுப்பு.

செல்லோ டேப் ஒட்டிய சில இதழ்களை மட்டும் இன்னும் தைக்கவில்லை. டேப்பின் பிளாஸ்டிக் மேலுறை காய்ந்து தானாகவே உதிர்ந்துவிட்டது. அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பு நிறக் கோடாக, தொட்டால் பிசுபிசுக்கும்படி இருக்கிறது. அதை ரப்பர் துண்டால் உருட்டி எடுத்த பிறகே அடுத்த இதழோடு சேர்க்க முடியும். இல்லாவிட்டால் அடுத்த பக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். அதுவரை அவை சிலிக்கான் பூசிய தாள் இடையிட்டுத் தனி உறையில் இருக்கின்றன.